அலுவலக மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி? பெங்களூரிலிருந்து ஒரு பணிசார் உளவியலாளரின் முழுமையான வழிகாட்டி

அழைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். "எங்க ஆட்கள் ரொம்ப டென்ஷனா இருக்காங்க மேடம். வெள்ளிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி நேரம் ஒரு ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட் செஷன் நடத்திக் கொடுங்களேன்." பேசுகிறவர் ஹெச்.ஆர். துறைக்காரர். நல்ல மனிதர்தான், அவர் கையில் இருக்கும் பட்ஜெட்டுக்கு அவ்வளவுதான் கேட்க முடியும். மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்து, நாலு ஸ்லைடு காட்டி, கைதட்டு வாங்கிக்கொண்டு ஒயிட்ஃபீல்டிலிருந்து திரும்பி வந்துவிடலாம். திங்கட்கிழமை காலை அங்கே எதுவும் மாறியிருக்காது.

அந்த அழைப்பை உருப்படியான வேலையாக மாற்றுவது எப்படி என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். உளவியலில் முதுகலை முடித்துவிட்டு நிறுவனங்களோடு வேலை செய்யத் தொடங்கியிருப்பவர்களை மனதில் வைத்திருக்கிறேன். ஹெச்.ஆர். ஆட்கள் படித்தால், எங்களிடம் என்ன கேட்டு வாங்கலாம் என்று தெரிந்துகொள்ளலாம்.

எது உங்கள் வேலை

மன அழுத்தத்தில் மூன்று இடத்தில் கை வைக்கலாம். அது பிறக்கும் இடத்திலேயே, அதாவது வேலையின் அளவு, நேரம், யாருக்கு எவ்வளவு அதிகாரம், மேலாளர் எப்படி நடந்துகொள்கிறார் என்பவற்றை மாற்றுவது ஒன்று. அழுத்தத்தைச் சமாளிக்க ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பது இரண்டாவது. ஏற்கெனவே உடைந்துபோனவருக்குச் சிகிச்சைக்கு வழி செய்வது மூன்றாவது. நிறுவனங்கள் கேட்பது இரண்டாவதை. பலன் அதிகம் இருப்பது முதலாவதில்.

இது வெறும் என் கட்சி இல்லை. பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் தரவை அலசி வில்லியம் ஃபிளெமிங் என்ற ஆய்வாளர் 2024-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மனவுறுதிப் பயிற்சி, தியானச் செயலி, மன அழுத்த வகுப்பு என்று போனவர்களும் போகாதவர்களும் நலத்தில் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள். தன்னார்வத் தொண்டு ஒன்றில் மட்டும் கொஞ்சம் நல்ல பலன் தெரிந்தது. ஒரே சமயத்தில் எடுத்த தரவு என்பதால் இதை வைத்து எல்லாவற்றுக்கும் முடிவு கட்டிவிட முடியாது. ஆனாலும் பட்ஜெட் பேசும் அறையில் இதைச் சொன்னால் காது கொடுக்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பும் இதற்குத் துணை. பர்ன்அவுட்டை அதில் நோயாகச் சேர்க்கவில்லை. சரியாகக் கையாளப்படாத, நாள்பட்ட வேலை அழுத்தத்தால் வரும் ஒரு நிலை என்றுதான் குறித்திருக்கிறார்கள். ஆற்றல் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி ஏளனமும் கசப்பும் வருவது, தன்னால் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை என்று ஆகிவிடுவது ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். காரணம் வேலையில் இருக்கும்போது ஊழியரை மட்டும் ரிப்பேர் செய்து திருப்பி அனுப்புவதில் என்ன பயன்?

எல்லை ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நோயறிதலும் சிகிச்சையும் மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர் ஆகியோரின் வேலை. மருத்துவ உளவியலாளராக இருக்க இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு வேண்டும். அந்தப் பதிவு இல்லாத நாம் ஒருவரை உட்கார வைத்து "உங்களுக்கு டிப்ரஷன்" என்று சொல்லக் கூடாது. அனுப்பி வைக்கலாம், கூடவே போகலாம்.

முதல் படி: ஒப்பந்தம்

எல்லாரும் அவசரப்படும் இடம் இதுதான். இங்கே விட்டுக்கொடுத்ததைப் பிறகு எங்கேயும் மீட்க முடியாது என்பதால் நான் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

பணம் கொடுப்பது நிறுவனம், மனதைத் திறப்பது ஊழியர். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறீர்கள். அதனால் என்ன வெளியே போகும், என்ன போகாது என்பதைத் தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். தனி நபர் சொன்னது எதுவும் யாருக்கும் தரப்படாது. 10 பேருக்குக் குறைந்த குழுவின் முடிவுகள் தனியாகக் காட்டப்படாது, பக்கத்துக் குழுவோடு சேர்த்துத்தான் காட்டப்படும். நேர்காணல் குறிப்புகள் உங்களிடமே இருக்கும், நிறுவனத்தின் சர்வரில் ஏறாது. ஒரே விதிவிலக்கு உயிருக்கு ஆபத்து. அந்த நிலையில் யாரிடம் சொல்வீர்கள், எவ்வளவு சொல்வீர்கள் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்துவிட்டது. ஊழியரிடம் எதற்காகத் தகவல் கேட்கிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லி ஒப்புதல் வாங்குவதை இனி நல்ல பழக்கம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்க முடியாது.

அப்புறம், எதிர்ப்பக்கம் கேட்க வேண்டிய கேள்வி: "காரணம் வேலையில்தான் இருக்கிறது என்று தெரிந்தால், எதை மாற்றும் அதிகாரம் உங்களுக்கு உண்டு?" ஷிஃப்ட் அட்டவணையைக்கூடத் தொட முடியாது, எல்லாம் டல்லாஸிலோ லண்டனிலோ முடிவாகிறது என்றால், அங்கே முடிவெடுக்கும் ஒருவரை இந்தத் திட்டத்தின் பொறுப்பாளராகப் போடச் சொல்லுங்கள். பெயர் இல்லாத திட்டம் அப்ரைசல் மாதத்தில் காணாமல் போய்விடும்.

ஆட்குறைப்புக்கு முன் "யார் தாங்குவார், யார் தாங்க மாட்டார்" என்று கண்டுபிடிக்க உங்களைக் கூப்பிடுகிறார்கள் என்ற வாடை வந்தால், எழுந்து வந்துவிடுங்கள். பேச்சு அப்படி நேராக இருக்காது. "ஹை ரிஸ்க் ஆட்களோட லிஸ்ட் மட்டும் கொடுங்க, நாங்க சப்போர்ட் பண்ணுவோம்" என்று இருக்கும்.

இரண்டாம் படி: ஏற்கெனவே இருக்கும் தாள்களைப் படியுங்கள்

யாரிடமும் பேசுவதற்கு முன் பதிவேடுகள். ராஜினாமா செய்தவர்கள் எந்த அணி, எத்தனை மாதத்தில் போனார்கள்? திங்கட்கிழமைகளில் மருத்துவ விடுப்பு கூடுகிறதா? எடுக்காமல் கிடக்கும் விடுப்பு யாரிடம் குவிந்திருக்கிறது? இரவு கேப் பதிவில் 9 மணிக்குக் கிளம்ப வேண்டியவர்கள் உண்மையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள்? கேப் பதிவு பொய் சொல்லாது. டைம்ஷீட் சொல்லும்.

கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம் 1961 நாளொன்றுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று அடிப்படை வரம்பு வைத்தது. இதில் திருத்தம் கொண்டுவரும் பேச்சு அடிக்கடி எழுவதால் வேலையைத் தொடங்கும்போது இப்போதைய நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வரம்பு என்னவாக இருந்தாலும் உண்மையான மணி நேரத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதிக் கதை அங்கேயே தெரிந்துவிடும்.

பீன்யா, பொம்மசந்திரா பக்கத் தொழிற்சாலைகளில் வேறு தாள்கள். சின்னச் சின்ன விபத்துப் பதிவு, தரச் சோதனையில் கழிந்த உருப்படிகள், சம்பள முன்பணம் கேட்டவர்களின் எண்ணிக்கை. ஒரே லைனில் விரல் காயங்கள் கூடுகின்றன என்றால், அங்கே தூக்கமோ இலக்கோ ஏதோ ஒன்று இடிக்கிறது.

மூன்றாம் படி: ஆட்களோடு பேசுவது

இந்த ஊரில் நம் ஆட்கள் எங்கிருந்தெல்லாம் வேலைக்கு வருகிறார்கள் என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தலைமுறையாக இருப்பவர்கள் ஒரு பக்கம். ஓசூரில் வீடு வாங்கி அத்திப்பள்ளி வழியாக எலக்ட்ரானிக் சிட்டிக்கு வருபவர்கள் ஒரு பக்கம். கோலார் தங்கவயலிலிருந்து விடியற்காலை ரயிலேறி வந்து, இரவு ரயிலில் திரும்புகிறவர்கள் இன்னொரு பக்கம். சேலத்திலும் மதுரையிலும் குடும்பத்தை வைத்துவிட்டு வெள்ளிக்கிழமை இரவு மடிவாளாவில் பஸ் ஏறுகிறவர்கள் வேறு. "வேலை நேரம் 9 மணி" என்பது இந்த நாலு பேருக்கும் நாலு வேறு நாள். பேச்சு அந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

"உங்களுக்கு மன அழுத்தம் இருக்கா?" என்று கேட்காதீர்கள். "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்று பதில் வரும், உரையாடல் முடிந்துவிடும். "நேத்து காலையில எழுந்ததிலிருந்து ராத்திரி படுத்தது வரைக்கும் சொல்லுங்க" என்று கேளுங்கள். எங்கே அவசரம், எங்கே காத்திருப்பு, யாருடைய போன் வந்தால் வயிறு பிசைகிறது, சாப்பாடு எத்தனை மணிக்கு என்பதெல்லாம் தானாக வரும். பலர் உடம்பிலிருந்துதான் தொடங்குவார்கள். நெஞ்செரிச்சல், கழுத்து வலி, மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் இல்லை, குழந்தை மேல் எரிந்து விழுகிறேன். அதை உடனே உளவியல் பெயர்களுக்கு மாற்றாமல் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு மேலாளர்களிடம் விளக்கும்போது அந்தச் சொற்கள்தான் வேலை செய்யும்.

இடம் முக்கியம். எல்லாரும் பார்க்கிற கண்ணாடி கேபினில் உளவியலாளரோடு உட்கார்ந்தவர் அன்று மாலைக்குள் கேன்டீன் பேச்சாகிவிடுவார். ஒன்று, வேறு தளத்தில் அறை கேளுங்கள். இல்லையென்றால் அணியில் எல்லாரையும் வரிசையாகக் கூப்பிடுங்கள், யாரும் தனித்துத் தெரிய மாட்டார்கள். டீம் லீட் இருக்கும் அறையில் யாரையும் பேச வைக்காதீர்கள், அவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும்.

மொழி ஒரு வசதி, ஒரு வம்பும்கூட. மீட்டிங்கில் ஆங்கிலத்தில் "ஆல் குட்" என்று முடித்தவர், நீங்கள் தமிழில் "அப்புறம் ஊர் எது?" என்று கேட்டதும் உள்ளதைச் சொல்வார். அதே சமயம் தமிழ் ஆட்கள் உங்களை நம்ம ஆள் என்று நினைக்கத் தொடங்கினால், கன்னடமும் இந்தியும் பேசுகிறவர்கள் உங்களைத் தமிழர்களுடைய ஆள் என்று நினைப்பார்கள். கன்னடம் பேசும் சக உளவியலாளர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். யார் யாரோடு பேசுவது என்பதை ஊழியரே தேர்ந்தெடுக்கட்டும்.

இந்தப் பேச்சுகளில் பாலியல் தொல்லை பற்றி ஒருவர் சொல்லக்கூடும். அதை "அழுத்தக் காரணம்" என்ற தலைப்பில் போட்டு மூடிவிடக் கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், இத்தகைய புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அங்கே போகும் உரிமையை அவருக்கு விளக்குங்கள், போவதா வேண்டாமா என்பது அவர் முடிவு. இந்தச் சூழலில் என்ன சொல்வீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: கேள்வித்தாள்

பேச்சு எதனால் என்பதைச் சொல்லும், கேள்வித்தாள் எவ்வளவு பேருக்கு என்பதைச் சொல்லும். நீங்களாக ஒன்றைச் செய்ய உட்காராதீர்கள். பிரிட்டனின் உடல்நல மற்றும் பாதுகாப்பு நிர்வாகம் 2004-இல் வெளியிட்ட மேலாண்மைத் தரநிலைகளோடு 35 கேள்விகள் கொண்ட ஒரு கருவி இருக்கிறது. வேலைப் பளு, கட்டுப்பாடு, ஆதரவு, உறவுகள், பொறுப்பின் தெளிவு, மாற்றங்களைக் கையாளும் விதம் என்று ஆறு பகுதிகள். இந்த ஆறும் அலுவலகத்துக்கும் பொருந்தும், தையல் ஆலைக்கும் பொருந்தும். இன்னும் விரிவாக வேண்டும் என்றால் டென்மார்க்கில் உருவான கோபன்ஹேகன் உளசமூகக் கேள்வித்தாள் உண்டு. பர்ன்அவுட்டை அளக்க கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981-இல் வெளியிட்ட அளவுகோல் பிரபலம். ஆனால் அதைக் காசு கொடுத்துத்தான் பயன்படுத்த வேண்டும். இணையத்தில் கிடைக்கிறது என்று நகலெடுப்பது முறையில்லை.

மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் பட்டியலைப் பொதுக் கணக்கெடுப்பில் சேர்க்கச் சொல்லி ஹெச்.ஆர். கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். அதன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா என்பது. பெயர் இல்லாத கணக்கெடுப்பில் ஒருவர் அதற்கு "ஆமாம், தினமும்" என்று பதில் எழுதினால் அவரை எங்கே போய்த் தேடுவீர்கள்? உதவ முடியாத இடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது.

தமிழில் கொடுப்பதாக இருந்தால் ஒருவர் தமிழாக்க, இன்னொருவர் மூலத்தைப் பார்க்காமல் திரும்ப ஆங்கிலமாக்க, இரண்டையும் ஒப்பிட்டுச் சரி செய்யுங்கள். பிறகு ஷாப் ஃப்ளோரில், அதாவது ஆலைத் தளத்தில், நாலைந்து பேரிடம் வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேளுங்கள். அகராதித் தமிழ் அங்கே விழுந்துவிடும். "பணிச்சுமை" என்று எழுதுவதைவிட "குறிச்ச நேரத்துல முடிக்க முடியாத அளவுக்கு வேலை" என்று எழுதினால் எல்லாருக்கும் ஒரே பொருள்.

எப்போது கொடுப்பது என்பதும் கணக்கு. அப்ரைசல் முடிவு வந்த வாரம் வேண்டாம், போனஸ் வந்த வாரமும் வேண்டாம். தீபாவளிக்கு முந்தின வாரம் யாரும் நிரப்ப மாட்டார்கள். எல்லா மனமும் பஸ் டிக்கெட்டில் இருக்கும்.

ஐந்தாம் படி: முடிவுகளை வாசிப்பது

எண்கள் வந்ததும் எல்லாமே சிவப்பாகத் தெரியும். எங்கே தொடங்குவது?

ராபர்ட் காரசெக் 1979-இல் சொன்ன ஒரு எளிய கருத்து எனக்கு இன்னும் அதிகம் உதவுகிறது. வேலை அதிகமாக இருப்பது மட்டும் ஆளைச் சாய்ப்பதில்லை. வேலை அதிகம், அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் அதிகாரம் குறைவு என்று இரண்டும் சேரும் இடத்தில்தான் ஆபத்து. லண்டன் அரசு ஊழியர்களை மைக்கேல் மார்மட்டின் குழு பல்லாண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வுகளிலும், தன் வேலை மேல் கட்டுப்பாடு குறைவாக உள்ளவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று தெரிந்தது. "பெரிய பதவிக்காரர்களுக்குத்தான் டென்ஷன்" என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதற்கு இது நேர்மாறு. யோகான்னஸ் சீக்ரிஸ்ட் 1996-இல் இன்னொரு கோணத்தைச் சேர்த்தார்: போடுகிற உழைப்புக்கும் கிடைக்கிற பலனுக்கும் பொருந்தாத இடம். பலன் என்றால் சம்பளம் மட்டுமில்லை. மரியாதை, வேலை நிரந்தரம், மேலே போகும் வாய்ப்பு எல்லாம்.

அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு மென்பொருள் ஆதரவு அணி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பல இடங்களில் பார்த்ததைச் சேர்த்துக் கட்டிய உதாரணம் இது, எந்த ஒரு நிறுவனமும் இல்லை. 40 பேர், அமெரிக்க வாடிக்கையாளர், சுழற்சி முறையில் இரவு ஷிஃப்ட். வாடிக்கையாளர் அனுப்பும் ஒவ்வொரு புகாரையும் அங்கே டிக்கெட் என்பார்கள். நிர்வாகம் சொல்வது: "டிக்கெட் எண்ணிக்கை கூடிடுச்சு, அதான் டென்ஷன்." கேள்வித்தாளில் வேலைப் பளு சுமார்தான். கட்டுப்பாடும் பொறுப்பின் தெளிவும்தான் படுமோசம். நேர்காணல் குறிப்புகளைத் திரும்பப் புரட்டினால் மூன்று விஷயங்கள் நிற்கின்றன. அடுத்த வார ஷிஃப்ட் அட்டவணை வெள்ளிக்கிழமை மாலைதான் வருகிறது, அதனால் ஊருக்கு பஸ் டிக்கெட் போட முடியாது, குழந்தையை யார் பள்ளியில் விடுவது என்று முடிவு செய்ய முடியாது. இங்கே இருக்கும் லீட் ஒன்று சொல்கிறார், அங்கே இருக்கும் மேனேஜர் வேறொன்று சொல்கிறார். வாடிக்கையாளர் தானே மறுபடி திறந்த டிக்கெட்டுக்கும் ஊழியரின் ரேட்டிங் அடிபடுகிறது. டிக்கெட் எண்ணிக்கை யாருடைய குறிப்பிலும் முதலிடத்தில் இல்லை.

இப்படி மூன்றுக்கு மேல் எடுக்காதீர்கள். இருபது பரிந்துரைகள் கொண்ட அறிக்கையில் எதுவும் நடக்காது, எல்லாரும் எளிதானதைச் செய்துவிட்டு மீதியை அடுத்த காலாண்டுக்குத் தள்ளுவார்கள்.

ஆறாம் படி: நிர்வாகத்திடம் சொல்வது

பெரிய மீட்டிங்குக்கு முன்பே அந்த அணியின் மேலாளரைத் தனியாகப் பாருங்கள். அவரும் ஊழியர்தான், மேலிருந்தும் கீழிருந்தும் நெரிபடுகிறவர். எல்லார் முன்னிலும் முதல்முறையாகத் தன் அணியின் மதிப்பெண்ணைப் பார்க்கும் மேலாளர், அடுத்த நாள் "யார் இப்படி எழுதினது?" என்று தேடத் தொடங்குவார். முன்பே பார்த்தவர் தீர்வோடு வருவார்.

உலக எண்களைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் ஆண்டுக்கு 1,200 கோடி வேலை நாட்களை இழக்கிறது என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மதிப்பிட்டிருக்கின்றன. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்று அவர்களே 2021-இல் வெளியிட்டார்கள். 70 மணி நேர உழைப்பைப் புகழ்ந்து பேசும் மேடைகள் நம் ஊரில் குறைவில்லை என்பதால் இந்த எண்ணைக் கையோடு வைத்திருப்பது நல்லது. ஆனால் நிதித் துறைக்காரரை நிமிர்ந்து உட்கார வைப்பது அவர்களுடைய சொந்த எண்தான். போன ஆண்டு அந்த அணியில் எத்தனை பேர் போனார்கள், ஒரு புது ஆளை எடுத்துப் பழக்க எத்தனை மாதம், எவ்வளவு செலவு. அவர்கள் தாளிலிருந்தே கூட்டிக் காட்டுங்கள்.

ஏழாம் படி: மாற்றம்

மேலே சொன்ன உதாரண அணிக்கு, அட்டவணை நான்கு வாரம் முன்னால் வர வேண்டும், ஆட்களே தங்களுக்குள் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள அனுமதி வேண்டும். இதற்குக் காசு செலவே இல்லை. டிக்கெட் முன்னுரிமையை ஒரே ஒருவர்தான் சொல்வார் என்று எழுத்தில் வர வேண்டும். வாடிக்கையாளர் திறந்ததும், தவறாக முடித்ததால் திறந்ததும் ரேட்டிங்கில் வேறு வேறாக எண்ணப்பட வேண்டும். மூன்றாவதுதான் கஷ்டம், ஏனென்றால் அது வாடிக்கையாளர் ஒப்பந்தம் வரை போகும். முதல் இரண்டை உடனே செய்து காட்டினால், மூன்றாவதைத் தள்ளிப்போட முடியாத நிலை வரும்.

ஷிஃப்ட் சுழற்சி இருக்கும் இடமெல்லாம் திசையைப் பாருங்கள். காலை, பிற்பகல், இரவு என்று முன்னோக்கிச் சுழல்வதை உடம்பு ஏற்றுக்கொள்ளும். இரவிலிருந்து பிற்பகலுக்கு, பிறகு காலைக்கு என்று பின்னோக்கிப் போனால் தூக்கம் கெடும். ஆன்-கால் பொறுப்பில், அதாவது அவசரத்துக்குக் கூப்பிட்டால் வர வேண்டிய முறையில், நடு இரவில் போன் வந்து எழுந்தவருக்கு மறுநாள் காலை அணியின் ஸ்டாண்ட்-அப் மீட்டிங் இருக்கக் கூடாது. கேட்டால் எல்லாரும் "அது ஃபிளெக்சிபிள்தான்" என்பார்கள். எழுத்தில் இல்லாத சலுகையைக் கூச்சப்படுகிறவர் எடுக்க மாட்டார்.

பயணத்தை அலுவலகப் பிரச்சினை இல்லை என்று ஒதுக்குவார்கள். சில்க் போர்டு சந்திப்பில் நிற்கும் நேரம் சம்பளம் இல்லாத வேலை நேரம்தான். 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை மஞ்சள் தட மெட்ரோ திறந்த பிறகு அந்தத் தடத்தில் இருப்பவர்களுக்கு மூச்சு விட முடிகிறது. மற்றவர்களுக்கு லாகின் நேரத்தை ஒரு மணி நேரம் முன்பின் தள்ளிக்கொள்ள அனுமதிப்பதுதான் உடனடி மருந்து. அலுவலகத்துக்கு வரும் நாட்களை எல்லா அணிக்கும் செவ்வாய், புதன் என்று ஒரே நாளில் வைத்துவிட்டு, கேன்டீனிலும் லிஃப்டிலும் கூட்டம் என்று வியக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

தையல் ஆலை வேறு உலகம். மைசூர் ரோட்டிலும் பொம்மனஹள்ளியிலும் மணிக்கு இத்தனை உருப்படி என்ற இலக்கு பலகையில் எழுதப்பட்டிருக்கும், லைன் சூப்பர்வைசரின் குரல் அதைவிடப் பெரியது. அங்கே மூச்சுப் பயிற்சி என்று போய் நின்றால் சிரிப்பார்கள், சிரிக்கத்தான் வேண்டும். இலக்கு நிர்ணயிக்கும்போது புது டிசைனுக்குப் பழகும் நேரம் கொடுப்பது, கழிப்பறைக்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று ஆக்குவது, சூப்பர்வைசருக்குக் கத்தாமல் வேலை வாங்கப் பழக்குவது, குழந்தைக் காப்பகத்தை உண்மையிலேயே நடத்துவது. அழுத்தம் இந்த நாலில்தான் குறையும். சூப்பர்வைசரின் ஊக்கத்தொகை மணிக்கணக்கு இலக்கோடு மட்டும் கட்டப்பட்டிருந்தால் அவரால் கத்தாமல் இருக்க முடியாது. அதையும் அவிழ்க்க வேண்டும்.

மாற்றத்தைக் கேட்காமல் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2016 ஏப்ரலை இந்த ஊர் மறக்காது. வருங்கால வைப்பு நிதியில் முதலாளி பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று விதி வந்ததும், பெங்களூரின் தையல் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். அரசு விதியைத் திரும்பப் பெற்றது. அந்தப் பணம்தான் மகள் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் அவர்கள் வைத்திருந்த கடைசிப் பிடி. அலுவலகத்துக்குள் நடக்கும் மறுசீரமைப்பும் இப்படித்தான் போய்ச் சேரும். என்ன மாறுகிறது, ஏன், யாருக்கு என்ன இழப்பு என்று முன்பே சொல்லிக் கருத்துக் கேட்க வேண்டும். கெட்ட செய்தியைக்கூட மனிதர்கள் தாங்கிக்கொள்கிறார்கள். வாட்ஸாப்பில் வதந்தியாக வருவதைத்தான் தாங்க முடிவதில்லை.

எட்டாம் படி: தனி ஆளுக்கான உதவி

வேலையை மாற்றும் வரை ஆட்கள் காத்திருக்க முடியாது. அதனால் இதுவும் கூடவே நடக்க வேண்டும். யோகா வகுப்பு, தூக்கம் பற்றிய பேச்சு, மேலாளர்களுக்கு "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுப் பதிலைக் கேட்கும் பயிற்சி எல்லாம் நல்லவை, வேலை நேரத்துக்குள் வைத்தால். மாலை ஆறரை மணிக்கு வைத்தால் அது இன்னொரு மீட்டிங்.

முக்கியமானது, ஆபத்து தெரிந்தால் செய்ய வேண்டியவை. உயிர் விடும் பேச்சு வந்தால் நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. தனியே விடாதீர்கள். வீட்டில் யாரிடம் சொல்லலாம் என்று அவரையே கேளுங்கள். டெலி-மனாஸ் என்ற மனநல உதவி எண் 14416, 24 மணி நேரமும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தத் தேசிய சேவைக்கு நம் ஊர் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ்தான் தலைமை மையம். நேரில் போக வேண்டும் என்றால் ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் அவசரப் பிரிவு இருக்கிறது. சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்புகிறவருக்கு முதல் வாரங்களில் குறைந்த வேலையை முன்பே பேசி ஏற்பாடு செய்யுங்கள். திரும்பி வந்த நாளே மேலிடம் வரை போன அவசரப் புகாருக்கான எஸ்கலேஷன் கால் வந்தால் எல்லாம் வீண்.

ஒன்பதாம் படி: அளந்து பார்ப்பது

ஆறு மாதம் கழித்து அதே கேள்வித்தாள், அதே பதிவேடுகள். மாற்றம் செய்த அணியை மட்டும் பார்த்தால் போதாது. மாற்றம் இன்னும் போகாத ஓர் அணியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள், இல்லாவிட்டால் சீசன் முடிந்து வேலை குறைந்ததை உங்கள் வெற்றியாக எழுதிக்கொள்வீர்கள். மிக மோசமாக இருந்த அணி, யாரும் எதுவும் செய்யாமலே அடுத்த முறை கொஞ்சம் தேறித் தெரிவதும் உண்டு. மோசமாகப் பாதிக்கப்பட்டவர்கள் வேலையை விட்டுப் போனதால் மதிப்பெண் கூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். மதிப்பெண் நன்றாக, விடுப்பும் ராஜினாமாவும் அப்படியே என்றால், ஆட்கள் பயந்து எழுதியிருக்கிறார்கள்.

முடிவை ஊழியர்களிடமும் சொல்ல வேண்டும், ஒரு பக்கத்தில், அவர்கள் மொழியில். எது மாறியது, எது மாறவில்லை, ஏன் மாறவில்லை. மாறாததைச் சொல்ல நிர்வாகம் தயங்கும். அதைச் சொல்லாவிட்டால் அடுத்த கணக்கெடுப்பில் பாதிப் பேர் நிரப்ப மாட்டார்கள்.

பொறுப்பை ஒப்படைக்கும்போது, ஷிஃப்ட் அட்டவணையும் கேப் பதிவும் மாதம் ஒருமுறை யார் பார்ப்பார் என்று ஒருவரின் பதவியோடு எழுதிக் கொடுங்கள். வேலையிட மனநலத்துக்கென்று 2021-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 45003 வழிகாட்டுதலை அவர்களுடைய பாதுகாப்புத் துறைக்குக் கொடுத்தால், தீயணைப்புச் சோதனை நடக்கும் அதே பட்டியலில் இதுவும் ஏறும். உங்களிடம் இருக்கும் நேர்காணல் குறிப்புகளையும் ஒலிப்பதிவுகளையும் ஒப்பந்தத்தில் குறித்த தேதியில் அழித்துவிட்டு, அழித்தாயிற்று என்று பேசியவர்களுக்கே ஒரு வரி அனுப்புங்கள். ஹெச்.ஆர். துறைக்கு நகல் போதும்.